வெள்ளெழுத்து என்று எழுதிய சீட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கண்ணாடிக்குப் பவர் எடுப்பதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நாங்கள் கால் மணி நேரம் மல்லுக்கட்டி எடுத்த பவரை உங்கள் மெஷின் ஒரு பொத்தானில் துப்பிவிடுகிறது. என்னுடைய கெட்டிக்காரத்தனத்தை எழுதினாலோ நீங்கள் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். தப்பு என்றால் யாரும் விட்டுவிட்டு வாசிப்பதில்லை.

முப்பத்துமூன்று வருஷம் கண் பரிசோதகராக இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு கண் மருத்துவமனையின் சின்னக் கிளையில். இரண்டு அறை, ஒரு உதவியாள், வீடியோவில் பேச ஒரு டாக்டர். அவர் தென்காசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார். நான் இங்கே நோயாளியைப் பார்த்து, வேண்டியதை அவருக்குக் காட்டுவேன். எல்லோரும் என்னை டாக்டரம்மா என்பார்கள். முதல் இரண்டு வருஷம் "நான் டாக்டர் இல்லை" என்று திருத்திக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கதைக்குப் போகும் முன் ஒரு விஷயம். குற்றாலத்தில் சீசன் பழக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். சாரலுக்காக மேலே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். ஒரு கடையில் நீலம், அடுத்த கடையில் சிவப்பு. வேலைக்கு வந்த புதிதில் சிவப்புத் தார்ப்பாய்க்குக் கீழே நின்று அருமையான சிவப்பில் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கினேன். வீட்டில் வந்து கொட்டினால் பாதி மஞ்சள். கண் படித்தவள் நான், எனக்கே அப்படி! தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சம் சிவப்பு. உள்ளே போய் இரண்டு நிமிஷம் நின்றதும் மூளை அந்தச் சிவப்பைக் கழித்துவிட்டு "இது சாதாரண வெளிச்சம்தான்" என்று முடிவு கட்டிவிடும். கடைக்காரரின் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரியும். ஆனால் முழுசாகக் கழிக்க மூளைக்கு முடியாது. மிச்சம் பழத்தின் தலையில் விழும். நம் கண்ணுக்குள் நிறத்துக்கு என்று இருப்பது மூன்றே வகைக் கூம்பு செல்கள். அதிலிருந்து போகிற சேதியை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நரம்பும் மூளையும் இது சிவப்பு, இது பச்சை என்று சொல்கின்றன. ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் மூளை வாயை மூடிக்கொண்டிருக்காது, பழைய ஞாபகத்தை எடுத்து நீட்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது ஆனி மாதத்துச் சனிக்கிழமை. சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. சீசனில் நம் கிளைக்கு ஒரு தனி வகைக் கூட்டம் வரும்: அருவியில் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்கள். தண்ணீருக்குள் தலையைக் கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. நனைந்த துண்டோடு வந்து நின்று, "மேடம், நான்தான் வண்டி ஓட்டிட்டுப் போகணும், ஒரு மணி நேரத்துல கண்ணாடி வேணும்" என்பார்கள். அன்றைக்கு அப்படி ஐந்து பேர். அதில் ஒருத்தர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மனைவி அவரைத் திட்டுவதும் அவர் என்னை அவசரப்படுத்துவதுமாக அறையே சந்தைக்கடையாக இருந்தது.

அதற்கு நடுவில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அருவிக்குப் போகிற வழியில் ஒரு பழக்கடையில் வேலை. பேர் வேண்டாம். மெலிந்த உடம்பு. முந்தானையை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

"என்ன செய்யுது?"

"எல்லாம் வெளுத்துத் தெரியுது டாக்டரம்மா."

"வயசு?"

"நாப்பத்திரண்டு."

நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்பார்கள். எங்கள் தொழிலில் நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து. அந்த வயசில் யார் வந்து உட்கார்ந்தாலும் வாய் திறக்கும் முன்பே கை பிளஸ் லென்ஸைத் தேடும். தூரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தாள். கிட்டத்துச் சின்ன எழுத்தில் திணறினாள். லென்ஸைப் போட்டதும் படித்தாள். நூலில் போட்டிருப்பதுபோல எல்லாம் பொருந்தி வந்தது.

"கிட்டத்துலதான் தெரியல. வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டாச் சரியாயிரும்."

"பழம்கூட அப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரியாயிரும்மா. பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல."

சீட்டில் 'வெள்ளெழுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் எழுந்திருக்கும் முன்பே கண்ணாடி பறிகொடுத்தவர் நாற்காலியில் ஒரு கையை வைத்துவிட்டார். மொத்தம் ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்.

என் தப்பு அவ்வளவுதான். பார்த்தீர்களா, கத்தியும் இல்லை ரத்தமும் இல்லை. அவள் 'வெளுத்து' என்றாள். எனக்குக் காதில் விழுந்தது 'வெள்ளெழுத்து'. வேறு பாஷைக்காரியாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அந்தப் பாஷைகளில் கிட்டத்தில் படிக்க முடியாத குறைக்கும் வெள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. எழுத்து கண்ணுக்கு வெளுத்துத் தெரிகிறது என்றுதான் நம் முன்னோர் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். நிறத்தைப் பற்றிய சொல்லை எடுத்து வயசுக்கு மாட்டிவிட்டார்கள். அவள் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வயசைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து, ஆவணி பிறந்தபோது, அவள் முதலாளி, அந்தப் பழக்கடைக்காரர், அவளைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"என்ன கண்ணாடிம்மா குடுத்திருக்கீய? மெட்ராஸ்காரங்க ஒரு குடும்பம், ரெண்டு கிலோ கேட்டாங்க. இவ பூராம் காயாப் பொறுக்கிப் போட்டுட்டா. சண்டைக்கு வந்துட்டாங்கள்லா! பதினஞ்சு வருசமாப் பழம் பொறுக்குதவ. கேட்டா, எல்லாம் ஒரே கலராத்தான இருக்குங்கா. இதை மாத்திக் குடுங்க."

அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். தூரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். போன தடவை கடைசி வரியைப் படித்தவள் இந்தத் தடவை அதற்கு மூன்று வரி மேலேயே நின்றுவிட்டாள். எந்த லென்ஸ் போட்டும் அதற்குக் கீழே இறங்கவில்லை. நம் தொழிலில் லென்ஸுக்கு மசியாத பார்வை என்றால் விஷயம் கண்ணாடிக்கடையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து நீட்டினேன். ஒரு கண்ணை மூடச் சொல்லி ஒன்றாலும், பிறகு மற்றதாலும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணில் நரம்பு கெட்டிருந்தால் சிவப்பு ஒன்றில் பளிச்சென்றும் மற்றதில் வெளிறியும் தெரியும்.

"ரெண்டுலயும் ஒண்ணு போலத்தான் இருக்கு டாக்டரம்மா."

ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது தப்பும் செய்திருப்பேன். ஏதோ நல்ல காலம், இன்னொரு கேள்வி கேட்டேன்.

"ஒண்ணு போலன்னா எப்படி? என்ன கலரா இருக்கு?"

"செங்கப்பொடி கலரு."

பளிச்சென்ற சிவப்பு மூடி அவளுக்கு வெளிறிய செங்கல்தூளாகத் தெரிகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து கெட்டால் இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கும்? மூளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கண் ஒன்று மிச்சம் இருந்தால்தானே குறை தெரியும்? புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் நிறப் புத்தகத்தை எடுத்தேன். வேலைக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அதைத் திறப்போம். எல்லோருக்கும் தெரிகிற முதல் பக்கத்தைப் படித்தாள். அடுத்து ஒன்பது பக்கம் புரட்டினேன், புள்ளியைத்தான் பார்த்தாள். பிறவியிலேயே நிறக்குறை என்பது பெண்களுக்கு மிக அபூர்வம். அதுவும் பதினைந்து வருஷம் ரம்புட்டானைப் பழம் வேறு காய் வேறாகப் பொறுக்கியவளுக்குப் பிறவிக்குறை எப்படி இருக்கும்? இது புதிதாக வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் வந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்தது என்றால் அது வெளியிலிருந்து உடம்புக்குள் போன ஏதோ ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

"மாத்திரை ஏதும் சாப்பிடுதியாம்மா?"

"இல்ல."

பதில் சட்டென்று வந்தது. வருவதற்கு முன் அவள் பார்வை ஒருமுறை கடைக்காரர் பக்கம் போய்விட்டு வந்தது. நாற்பது வயசுக்காரி 'சாப்பிடல' என்று சொல்வதற்கு யோசிப்பாள். கால்வலி மாத்திரையாவது ஞாபகம் வரும். இவள் யோசிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, இவங்க ஆதார் ரெண்டு பக்கமும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்களேன்" என்றேன்.

எனக்கு ஜெராக்ஸ் ஒன்றும் தேவைப்படவில்லை. பக்கத்துக் கடையில் மெஷின் ரிப்பேர் என்பதும், அவர் இலஞ்சி வரைக்கும் போய் வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பொய் சொல்லாதே என்று உங்களுக்கு ஒழுக்க வகுப்பு எடுப்பார்கள். எடுக்கட்டும்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். "இப்ப சொல்லு. ஆஸ்பத்திரியத் தாண்டி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லலைன்னா கண்ணு போயிரும்."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"டிபி டாக்டரம்மா. பங்குனிலேருந்து மாத்திரை சாப்பிடுதேன். வீரகேரளம்புதூர்ல எங்க அக்கா வீட்டு விலாசம் குடுத்து அங்கன போயித்தான் வாங்குதேன். இங்கன வாங்குனா ஊருக்கே தெரிஞ்சிரும். இருமுதவ தொட்ட பழத்தை யாரு வாங்குவா?"

"மாத்திரை குடுக்கும்போது கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. கண்ணு தெரியலைன்னா உடனே வந்து சொல்லுன்னாங்க. எனக்குத்தான் கண்ணு தெரியுதே, கலருதான வெளுக்கு? மொதல்ல குங்குமம் மண்ணு மாதிரி இருந்துச்சு. கலப்படம்னு நெனச்சுக் குங்குமக்காரன மூணு வாட்டி வஞ்சேன். பெறவு பழமும் வெளுத்துச்சு. அதான் ஒங்ககிட்ட வந்தேன். நீங்க ஒண்ணுமில்லன்னுட்டீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள். காசநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று சிலருக்குப் பார்வை நரம்பைப் பிடிக்கும். பல பேருக்கு முதலில் போவது சிவப்பும் பச்சையும்தான். பரீட்சைக்கு நான் படித்த பாடம் இது. அவள் கண் அதன் பாஷையில் சரியாகவே சொல்லியிருக்கிறது. நான் போட்ட ஒரு வார்த்தையை நம்பி அவள் இன்னும் ஆறு வாரம் அதே மாத்திரையை விழுங்கியிருக்கிறாள்.

"அப்ப இன்னையிலேருந்து மாத்திரையைத் தூரப் போட்டுருதேன்" என்றாள்.

'ஆமாம், நிறுத்திவிடு' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் இருக்கிறவர்கள் சீக்கிரம் முடிவெடுப்பார்கள், கவனமாக இருங்கள். அவள் விழுங்கியது ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து. கண்ணைக் கெடுப்பது அதில் ஒன்று. நுரையீரலைக் காப்பாற்றுவது மூன்றும் சேர்ந்து. பிரித்து எறிய முடியாது. மொத்தமாக நிறுத்தி நோய் முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அடுத்த மருந்துக்கு அது அடங்குமோ அடங்காதோ. நான் டாக்டர் இல்லை என்று இரண்டு வருஷத்தோடு சொல்வதை நிறுத்திவிட்டேன் அல்லவா, அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன்.

"நான் டாக்டர் இல்லம்மா. ஒன் இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது, அடுத்த மாத்திரையைக் கேக்காமச் சாப்பிடவும் கூடாது. இன்னைக்கே டாக்டருங்க முடிவு பண்ணணும்."

வீடியோவில் டாக்டர் கிடைக்கவில்லை. ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். சாரல் நாளில் நெட்டும் விட்டுவிட்டு வந்தது. முடிந்ததும் பார்ப்பார், காத்திருங்கள் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் தெரியவில்லை. காத்திருப்பதா, அனுப்புவதா? தப்பான அவசரம் என்றால் ஒரு சீசன் நாள் வீண், கடைக்காரரிடம் எனக்கு ஒரு திட்டு. தப்பான பொறுமை என்றால் அவள் இரண்டு கண். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸிடமே சொன்னேன்: "கத்தியைக் கீழ வச்சதும் அவர் காதுல ஒரே ஒரு வரி போடு. டிபி மாத்திரை, ரெண்டு கண்ணுலயும் சிவப்பு போயிட்டு, பார்வை இறங்கிட்டு. நான் அனுப்பி வைக்கேன்."

அந்த நேரம் கடைக்காரர் ஜெராக்ஸோடு நனைந்துபோய் வந்தார்.

"அண்ணாச்சி, இவங்களை இப்பவே தென்காசிக்குக் கூட்டிட்டுப் போகணும். கண் நரம்புல பாதிப்பு இருக்கு."

"என்னத்துனால?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் பலகையிலும் அளக்க முடியாது.

"அத டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

"சீசன் முடிய இன்னும் பத்து நாளுதாம்மா. முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போறனே. கடையில வேற ஆளு இல்ல."

"பழம் அழுகுனா நாளைக்கு வேற இறக்கிக்கிடலாம் அண்ணாச்சி. கண்ணை எங்கன போயி இறக்குவீங்க?"

மனுஷர் ஜெராக்ஸை மேசைமேல் வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "ஏறு" என்று அவளிடம் சொன்னார். அவரை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே கண் டாக்டரும் டிபி டாக்டரும் போனில் பேசி அந்த ஒரு மருந்தை நிறுத்தினார்கள். மற்ற இரண்டையும் தனியாகக் கொடுத்துச் சிகிச்சையை முடித்தார்கள். டாக்டர் எனக்கு போன் செய்து, "நல்லாப் பிடிச்சீங்க மேடம், இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா கஷ்டம்" என்றார். நான் "சரி சார்" என்றேன். ஆறு வாரத்துக்கு முன்பே பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பதிவேட்டைப் புரட்டினால் என் கையெழுத்து இருக்கும். யாரும் புரட்டவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் தென்காசியிலேயே காட்டிக்கொண்டிருந்தாள். திரும்ப என்னிடம் வந்தது மாசி மாதம், நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முந்தானை இடுப்பில் இருந்தது. இப்போது சிப்ஸ் கடையில் வேலை என்றாள். பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"கட்டியிருக்கிற சேலை என்ன கலரு?"

"சிவப்பு."

"நல்லாத் தெரியுதா?"

"மக சொன்னா" என்றாள். "முன்ன மாதிரி இல்ல. பச்சை வந்துட்டு. சிவப்பு பாதிதான் வந்திருக்கு. இனி வாரது சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மொத நாளே நான் கண்டுபிடிச்சிருக்கணும்மா. நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் ஒழுங்காக் கேக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள். கூடையிலிருந்த பிளாஸ்டிக் கவருக்குள் கைவிட்டு நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த முதல் சீட்டு. "இதுக்கு முன்ன யாருட்டயாவது காட்டுனியா, சீட்டு இருக்கான்னு பெரிய டாக்டர் அன்னைக்கே கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"நீங்க எங்க மொதலாளிகிட்ட சொல்லலைல்லா?"

சீட்டை வாங்கிப் பிரித்தேன். வெள்ளெழுத்து என்ற சொல்லுக்குக் கீழே, 'நோயாளி சொன்னது: எல்லாம் வெளுத்துத் தெரிகிறது. தவறாகக் கேட்டேன்' என்று எழுதி, அன்றைய மாசித் தேதியைப் போட்டு, கையெழுத்திட்டு, அவள் கண்முன்னே டாக்டருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.